வெர்லி பாடாமல் விட்ட பேர்

அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில் எங்கள் பிளாக்கம் பள்ளத்தாக்கில், பேர் சொல்லாத பாட்டை யாரும் பாட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. செத்தவன் யார், என்றைக்குச் செத்தான், யாரால் செத்தான்? மூன்றும் வந்தாக வேண்டும். கடைசி அடியில் குற்றவாளியின் பேர் வராவிட்டால் பின்வரிசையிலிருந்து எவனாவது "யாருய்யா அவன்?" என்று கத்துவான்.

வெர்லி ஸ்டாம்பர் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். அவள் கிதார், தம்பி ஆர்பின் பேஞ்சோ, ஹோபர்ட் கிழவர் பிடில். குழு அவ்வளவுதான். ஹோபர்ட் தன் பிடிலுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். நாதம் கூடுமாம். பாம்பு பதினோரு அடி என்பார். ஐந்தடிதான், நானே பார்த்தேன். கேட்டவர்களிடம் மட்டும் ஒன்பது என்று சொல்லி வைத்தேன்.

அந்த மார்ச்சில் வெர்லியின் புருஷன் டில்லர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து செத்தான். அன்று காலையிலேயே கூரை முனகுகிறது என்று மேஸ்திரி கோய் ராட்லிஃபிடம் சொல்லியிருக்கிறான். "முனகுனா முனகட்டும், நீ உள்ள போ" என்றிருக்கிறான் கோய். பக்கத்தில் நின்று கேட்டவன் ஆர்பின். அவன் வாய்மொழியை வைத்துத்தான் வெர்லி பாட்டுக் கட்டினாள். ஆர்பினோ இன்னமும் கோயின் கீழ்தான் வேலை பார்த்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

எங்கள் நாட்டில் உழைப்பாளர் தினம் செப்டம்பரில்தான். அன்றைக்கு ஊர் விருந்து. பள்ளிக்கூட மைதானத்தில் அன்றுதான் பாட்டு அரங்கேற்றம். பாட்டில் கோயின் பேர் வரும் என்ற சேதி எப்படியோ பரவிவிட்டது. கோய் தன் மனைவி ஈமாவோடு வந்து, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மேடைக்குப் பின்னால் ஆர்பின் வெர்லியை நிறுத்தினான்.

"அக்கா, 'ஒரு மேஸ்திரி'ன்னு பாடிட்டுப் போயேன். எல்லாருக்கும்தான் தெரியுமே."

"தெரிஞ்சதை எதுக்குடா மறைக்கணும்?"

"நாளைக்குக் காலையில என் சுரங்க விளக்கைப் புடுங்கி வீட்டுக்கு அனுப்பிடுவான்கா."

"சீக்கிரம் பேசி முடிங்க, பாம்பு முழிச்சுக்கிச்சு" என்றார் ஹோபர்ட்.

வெர்லி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "சரி. பேர் வராது." மேடையேறிப் பாடத் தொடங்கினாள்.

*மார்ச்சு பதினாலு, மழை விடாத காலை,*
*டில்லர்ட் சொன்னான்: கூரை முனகுது, வேணாம் இன்னிக்கு வேலை.*

கையிலிருந்த சோளரொட்டியைக் கடிக்கக்கூட ஒருவரும் துணியவில்லை. கடைசி அடி வந்தது.

*முனகட்டும், நீ போ உள்ளேன்னு சொன்ன மனுசன் பேரு...*

வெர்லியின் வாய் மூடிக்கொண்டது. 'ஒரு மேஸ்திரி' என்பது அவள் நாக்கில் ஏறவில்லை. பிடில் அதே அடியை ஒரு சுற்றுச் சுற்றியது. மறு சுற்று. உள்ளே பாம்பின் வால் கிலுங்கியது. கோய் தொப்பியின் விளிம்பைக் கசக்கினான்.

"யாருய்யா அவன்?" என்றது பின்வரிசை.

பேஞ்சோ நின்றது. ஆர்பின் மைக்குப் பக்கம் குனிந்தான்.

"கோய் ராட்லிஃப்" என்று பாடினான். பிறகு, காது கேளாதவர்களுக்குச் சொல்வது போல இன்னொரு தரம்.

கோய் எழுந்து தொப்பியை மாட்டினான். "வா போலாம்."

ஈமா மடியிலிருந்த தட்டை நகர்த்தவில்லை. "நீங்க போங்க. நான் பாட்டு முடிஞ்சு வர்றேன்."

சுரங்கத்து விளக்கறையில் வேலையாள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வில்லை ஆணியில் தொங்கும்; மறுநாள் காலை ஆர்பினின் பித்தளை வில்லை அங்கே இல்லை, வேலை போய்விட்டது. அவன் சாப்பாட்டு வாளியோடு நேரே வெர்லி வீட்டுக்கு வந்தான்.

"நான்தான் பேரை விட்டுட்டேனேடா. நீ ஏன் பாடுன?"

"அன்னிக்குச் சுரங்கத்துல நீ இல்லைக்கா. காதால கேட்டவன் நான்."

வாளியைத் திறந்து பாதி ரொட்டியை அவளிடம் நீட்டினான்.