பெயர் வைக்காத மாத்திரையும் சுதர்சனும்

சுதர்சன் இறந்துவிட்டான்.

காலையில் அவன் மனைவி போன் செய்தார். ஹார்ட் அட்டாக். சாப்பிட்டுக் கை கழுவப் போனவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம்... ஐம்பத்து மூன்று வயது.

இங்கே பலருக்கு அவனைத் தெரியாது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், புது மருந்துகளைச் சோதிக்கிற பிரிவில் நானும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவன் பார்மசிஸ்ட். எனக்கு பேஷண்ட் ரெக்கார்டு பார்க்கிற வேலை.

செல்லூர்க்காரன். சௌராஷ்டிரா வீடு. பதற்றம் வந்தால் தமிழ் போய்விடும், வீட்டு மொழியில் கடகடவென்று பேச ஆரம்பித்துவிடுவான். நான் சிரிப்பேன்.

முதல் முதலாக வந்த மருந்து சர்க்கரை நோய்க்கானது. வெள்ளை அட்டைப் பெட்டி. அதன் மேல் கியூ.வி.எல் 20417 என்று மட்டும் அச்சடித்திருந்தது.

"என்னடா, பேரையே காணோம்?" என்றேன்.

"இன்னும் வைக்கல மாப்ள. முதல் மூணு எழுத்து கம்பெனி. நம்பர் வந்து, அவுங்க லேப்ல செஞ்ச எத்தனையாவது பொருள்னு. எல்லாக் கம்பெனியும் இப்படி வரிசையாப் போடாது. இவுங்க போடுறாங்க."

"அப்ப இதுக்கு முன்னாடி இருபதாயிரத்துச் சொச்சம் இருந்திருக்கா?"

"இருந்துச்சு. அம்புட்டும் போயிருச்சு. சிலது லேப்லயே, சிலது எலிக்குக் குடுத்துப் பாத்ததோட. மனுஷன் கைக்கு வந்து சேர்ந்தது ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். இதுவும் தேறுனாத்தான் பேரு வைப்பாங்க."

சொல்லிவிட்டு அந்தப் பெட்டியை ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனான். எடை நூறு கிராம்கூட இருக்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும். பேஷண்ட்டுகளில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு சீல் வைத்த கவர் சுதர்சனின் பீரோவில் இருக்கும், பதில் அதற்குள். ஆபத்து என்றால்தான் பிரிக்கலாம்.

ஒரு நாள் பகல் பதினோரு மணி. உசிலம்பட்டி பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து போன். எங்கள் பேஷண்ட் பாண்டியம்மாளின் மகள் அழுதுகொண்டே பேசினார்.

"சார், அம்மா சந்தையில மயங்கி விழுந்துட்டாக... டாக்டரு டப்பாவப் பாத்துட்டு, இது என்ன மாத்திரைன்னே தெரியலங்கிறாரு."

அந்த டாக்டர் போனை வாங்கினார். "என்ன சார் இது, மூணு எழுத்தும் ஒரு நம்பரும்தான் இருக்கு? எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. சுகர் ரொம்ப இறங்கியிருந்துச்சு. குளுக்கோஸ் ஏத்துனதும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சுதர்சன் அன்று லீவு. அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஆனாலும் கூப்பிட்டேன். "அனுப்ப வேணாம்னு சொல்லு, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். கால் மணி நேரத்தில் பட்டு வேட்டியோடு வந்து நின்றான். நெற்றியில் சந்தனம்.

சோதனைக்குப் பொறுப்பான பெரிய டாக்டரிடம் போனில் அனுமதி வாங்கினான். பீரோவைத் திறந்தான். கவரைப் பிரித்தான்.

நிஜ மருந்து.

"சார், இது ஒரு நாளைக்கு மேல உடம்புல நிக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் சுகர் மறுபடி இறங்கும். நாளைக்கு வரைக்கும் அவுங்கள விடாதீங்க, அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க" என்றான் அந்த டாக்டரிடம். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அத்தனையும் தெளிவான தமிழில்...

மத்தியானம் மறுபடி இறங்கியது. பேச்சு குழறி, வேர்த்துக் கொட்டி... குளுக்கோஸ் ஊசி தயாராக இருந்ததால் பிழைத்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அது நடந்திருந்தால்?

அன்று சாயங்காலமே நடந்ததை ஒன்று விடாமல் எழுதி கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினான். வேட்டியைக்கூட மாற்றவில்லை.

சில மாதம் கழித்து கம்பெனியிலிருந்து கடிதம். வேறு ஊர்களிலும் இப்படி ஆகியிருக்கிறது, சோதனையை நிறுத்துகிறோம் என்று. மிச்ச மாத்திரைகளை எண்ணித் திருப்பி அனுப்பினோம்.

பேஷண்ட்டுகளிடம் "ஸ்டடி முடிஞ்சிருச்சு" என்று சொன்னால் போதும் என்றேன். அவன் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னான்.

பாண்டியம்மாள் கேட்டார், "அப்ப நான் விழுந்ததாலதேன் நிறுத்துனாகளா தம்பி?"

"நீங்களும் ஒரு காரணம் ஆத்தா. இனிமே எந்த ஊர்லயும் இந்த மாத்திரையத் தின்னு யாரும் விழ மாட்டாங்க."

அந்த அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எம்புட்டுப் பேரு தம்பி?"

"கணக்குத் தெரியாது ஆத்தா. உலகம் பூராவும்."

"ஆத்தீ..." என்று நெஞ்சில் கை வைத்தவர், மகள் பக்கம் திரும்பி, "கேட்டியாடி?" என்றார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சுதர்சன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். திருச்சியில் பஸ் ஏறினேன், இப்போதுதான் கொட்டாம்பட்டி தாண்டியிருக்கிறது...

வாரேன் மாப்ள.