காசிமாயன் குடியேறிய சுண்ணாம்பு வீடு

வாசலுக்கு வந்ததும் காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். நிலை இடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் அங்கே நிலையும் இல்லை, கதவும் இல்லை. தேவாரம் ரோட்டை ஒட்டிய காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கோடு இருக்கும் இடம் சுவர். கோடு விட்டுப்போன இடம் வாசல்.

மச்சினன் சோலைமலை சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் குறுக்கே நடந்து வந்தார்.

"ஏப்பா மாப்ளே, செவுத்தைப் பொளந்துக்கிட்டு வர்றியே, நீ என்ன பேயா? அங்கிட்டுச் சுத்தி வா!" என்றார் காசிமாயன்.

சோலைமலை சுற்றி வந்தார்.

"செருப்பை வெளிய விடு. இது ஹாலு."

விட்டார். இரண்டாவது அடியிலேயே நெருஞ்சிமுள் ஏறியது. ஒற்றைக் காலில் ஆடிய மச்சினனைப் பார்த்துக் காசிமாயன் ஆறுதல் சொன்னார்: "மொசைக் போட்டாச் சரியாப் போயிரும்."

போடியில் காசிமாயனைத் தெரியாத ஏலக்காய் யாவாரி கிடையாது. மலைக்கு ஜீப்பில் ஏறி, தோட்டம் தோட்டமாய் நுழைந்து, மலையாளத்துக்காரர்களோடு பேசிப் பேசி, அவர் தமிழிலும் ஒரு "மதி, மதி" ஒட்டிக்கொண்டது. பேச்சு போதும் என்று அர்த்தம். கையில் அள்ளிப் பிசைந்து, மோந்து, ஒரு காயைக் கடித்துப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். கத்தரிக்காய்க்கும் அதே சோதனை, காளை மாட்டுக்கும் அதே சோதனை. தங்கச்சி மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உள்ளங்கையைக்கூட ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காபியைக் கொடுக்கச் சொன்னார்.

அப்படிப்பட்டவர் வீடு கட்ட மதுரையிலிருந்து ஆர்க்கிடெக்ட்டை அழைத்து வந்தபோது தெருவே சிரித்தது. கொத்தனார் கைகாட்டிய இடத்தில் வாசல் வைத்துப் பழகிய ஊர். படம் போட ஒரு ஆளா? அதிலும் ஒரு பொண்ணா?

"காயைத் தரம் பிரிக்கவே தனி ஆளு வைக்கிறோம். வீட்டுக்கு வைக்கக் கூடாதா?" என்று அவர் அத்தனை பேர் வாயையும் அடைத்தார்.

ஆர்க்கிடெக்ட் சாந்தகுமாரி காலை ரயிலில் வந்து வரைபடத்தை மேஜைமேல் விரித்தாள். காசிமாயன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையையே சுற்றி வந்தார்.

"ஆத்தா, இது பருந்து பாத்த வீடுல்ல? நா என்ன, கூரையைப் பிரிச்சா உள்ள எறங்கப் போறேன்?"

அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். அடுத்த முறை வந்தபோது கயிறு பிடித்து, அளந்து, மனையிலேயே முழு வீட்டையும் சுண்ணாம்பால் வரைந்து காட்டினாள். "இப்ப நடந்து பாருங்க ஐயா."

நடந்தாரா? குடியேறிவிட்டார். காலையில் தூக்குவாளிக் காபியோடு ஹாலில் உட்காருவார். மத்தியானம் படுக்கையறையில் குடை விரித்துக் கண்ணயர்வார். ஆடு மேய வந்தால், "ஏய், சாமி ரூமுக்குள்ள போகுது பாரு! பின்வாசல் வழியா வெரட்டு!" என்பார். படுத்த இடத்திலிருந்து அடுப்படி தெரிகிறது, பெண்டாட்டி ராமுத்தாய் முறைப்பதும் தெரியும் என்று ஒரு சுவரை நகர்த்தச் சொன்னார். ஒருநாள் கோடை மழை கொட்டித் தீர்த்ததும் மதுரைக்கு டிரங்க்கால் போட்டு அலறினார்: "ஆத்தா, வெரசா வாங்க! வீடு கரைஞ்சு போச்சு!"

அந்த வீட்டில் அவர் உயிரே ஆபீஸ் ரூமில்தான். மலையைப் பார்த்த மூலை அறை. டெலிபோன் வைக்கும் இடத்தில் ஒரு செங்கல் வைத்திருந்தார். பெரிய யாவாரிகள் எதிரே உட்கார்ந்து பேசுவது போல நினைத்துக்கொண்டு, அந்தச் செங்கல் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு மீசையை நீவுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே வந்தது. மறுநாள் அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்திருந்தது. தோண்டிவிட்டால் சுண்ணாம்புச் சுவர் போல நகர்த்த முடியாது. சாந்தகுமாரியும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வந்திருந்தாள்.

"எல்லாரும் அவுகவுக ரூமுக்குப் போங்க!" என்று காசிமாயன் கட்டளையிட்டார்.

ராமுத்தாய் அடுப்படிக்குப் போய், "ஏங்க, பொகை போக்கி எங்க?" என்று அதிகாரமாய் உட்கார்ந்தாள். மகன்கள் இருவரும் தங்கள் அறையில் நுழைந்தவுடனே யார் கட்டில் எந்தப் பக்கம் என்று சண்டையை ஆரம்பித்தார்கள்.

காசிமாயனின் அக்கா ஒச்சம்மாள் ஹாலைக் கடந்தாள். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். பின்வாசல் வழியே வெளியே போய், கோட்டுக்கு அப்பால் முள்ளில் நின்றுகொண்டாள்.

"அக்கா, வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வா."

"நீ ஏலக்கா மூட்டைய எங்கடா போடப்போற? அதைச் சொல்லு. அங்கன போறேன்."

"மூட்டை இங்க எதுக்கு? பழைய வீட்டைத்தேன் குடோனாக்கப் போறோமே."

"அப்பச் சரி. நா அங்கனயே இருந்துக்கிறேன். காய்க்கு ஒரு காவலாச்சு."

ராமுத்தாய் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தாலி அறுத்து, ஒரு தகரப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒச்சம்மாள் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கிறாள். அவள் சேலையில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். காவலுக்குப் படுக்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கென்று ஓர் அறை இல்லாததால் படுக்கிறாள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று சாந்தகுமாரி கேட்டபோது, பெண்டாட்டி பிள்ளைகளை எண்ணிச் சொன்னவர் அக்காளை விட்டுவிட்டார். வஞ்சனையால் அல்ல. தன் கையைத் தானே யார் எண்ணுவார்கள்? ஊரிலுள்ள காயையெல்லாம் பிசைந்து தரம் சொன்ன மனிதர், முள்ளில் நின்ற அக்காளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, சாமி ரூம் பக்கத்துல சின்னதா ஒரு ரூம் ஒதுக்கலாம்..." என்றாள் சாந்தகுமாரி மெதுவாக.

"மதி ஆத்தா, மதி. சின்னதெல்லாம் வேணாம்." அவர் ஆபீஸ் ரூமுக்குள் போய்ச் செங்கல்லைத் தூக்கித் தெருப்பக்கம் எறிந்தார். "அக்கா, இதுதேன் உன் ரூம்."

"கிறுக்கா ஒனக்கு? யாவாரம் பேச வர்றவக எங்க உக்காருவாக?"

"முள்ளுல உக்காரட்டும்!"

ஒச்சம்மாள் நம்பாமல் தம்பியைப் பார்த்தாள். பிறகு முன்வாசலுக்குச் சுற்றி வந்து, ஹாலைக் கடந்து, அந்த அறைக்குள் போய், கால்களை நீட்டி உட்கார்ந்தாள். "சன்னலை மலைப்பக்கம் பெருசா வையி" என்று சாந்தகுமாரியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம், "கதவுக்கு உள்தாப்பா உண்டுல்ல?" என்றாள்.

"உண்டும்மா."

"அப்பச் சாத்திக்கிறேன்" என்று சொல்லி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துக் காசிமாயன் அங்கே போனார். கேட்காமல் கொள்ளாமல் யார் வீட்டிலும் அடுப்படி வரைக்கும் நுழைகிற மனிதர், கோட்டுக்கு முன்னால் நின்று லேசாய்ச் செருமினார்.

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒச்சம்மாள் திரும்பாமலே கேட்டாள்: "யாரது?"

"நாந்தேங்க்கா... காசி" என்று சொல்லிவிட்டு, அவள் "வா" என்று சொல்லும் வரை வெளியிலேயே நின்றார்.