நீப்ஸ், நாலு இறாத்தல்

1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் தொங்கிய வெப்பமானி, பரன்ஹைட் கணக்கில், நாற்பத்தாறு பாகை காட்டியது. எனக்குப் பத்து வயதும் இரண்டு மாதமும். வீட்டுக்காரம்மா எங்களை ஏமாற்றுகிறாள் என்று அந்த நேரத்தில்தான் நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

சந்தேகம் இரண்டு மாதமாக இருந்தது. அத்தாட்சி அன்றுதான் கிடைத்தது.

அப்பா கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தர். இரண்டு வருடப் பயிற்சிக்குப் புலமைப்பரிசில் கிடைத்து மெல்பேர்னுக்கு வந்தார். அது ஓர் ஆளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த பணம். அதற்குள் அம்மாவும் நானும் எங்களைச் செருகிக்கொண்டோம். வந்த முதல் கிழமை, அறை வாடகைக்கு உண்டு என்று எழுதிப் போட்டிருந்த ஏழு வீடுகளின் கதவைத் தட்டினோம். அப்பாவின் நிறத்தைக் கண்டதும் ஏழு வீடுகளிலும் அறை சற்று முன்னர்தான் போய்விட்டிருந்தது. எட்டாவது கதவைத் திறந்தவள்தான் இந்த வீட்டுக்காரம்மா. ஸ்கொட்லாந்தின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்து குடியேறிய விதவை. எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள்.

மாடியில் எங்களுக்கு ஓர் அறை, ஒரு சிறிய எரிவாயு அடுப்பு. அதில் சோறு மட்டும் காய்ச்சலாம். மரக்கறி எல்லாவற்றையும் கீழே தன் குசினியில் அவளே சமைத்துத் தருவாள். கறிக்குப் போடும் சரக்குத்தூள் மணம் சுவரில் ஏறக்கூடாது என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. சாப்பாட்டில் மச்சம் படக்கூடாது, மீன் இறைச்சி முட்டை ஒன்றும் ஆகாது என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை. இரண்டையும் அப்பாதான் இரு பக்கமும் மொழிபெயர்த்தார். அந்த அறை கைவிட்டுப் போனால் ஒன்பதாவது கதவு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்காரம்மா மரக்கறிச் செலவை ஒரு சிட்டையில் எழுதித் தருவாள். கூட்டல் சரிதானா என்று பார்ப்பது என் வேலை. கணக்குப் பழகட்டும் என்று அப்பா தந்த வேலை. சிட்டைகளை நான் ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் பேணியில் சேர்த்து வைத்தேன். கூட்டல் ஒருநாளும் பிழைக்கவில்லை. பெயர்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உருளைக்கிழங்கை அவள் ‘டட்டீஸ்’ என்று எழுதுவாள். வெங்காயத்தாளை ‘சைபோஸ்’ என்பாள். அது ஸ்கொட்லாந்தின் மேற்குப் பக்கத்தவரான கணவரிடமிருந்து தனக்கு ஒட்டிக்கொண்ட சொல் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ‘நீப்ஸ், 4 இறாத்தல்’ என்றிருக்கும். உள்ளே மஞ்சளாக, தலையளவு பருத்த கிழங்கு அது. கணவர் ஊரில் அதை டர்னிப் என்பார்களாம். அம்மா, ஊரில் சமைத்த நோக்கோல் கிழங்கை நினைத்து, அதற்கு மஞ்சள் நோக்கோல் என்று பெயர் வைத்தார். ஒரு சாமானுக்கு ஊருக்கொரு பெயர் இருந்தால், விலையும் ஆளுக்கொன்றாக இருக்கும் என்று நான் அப்போதே நினைத்தேன். இன்றும் எனக்கு அந்த எண்ணம் மாறவில்லை. இப்போது நான் குடியிருக்கிற, மெல்பேர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் மகளோடு கடைக்குப் போனால், சிட்டையைப் பாராமல் கார்க் கதவைத் திறக்க விடமாட்டேன்.

நீப்ஸை அவித்து மசிப்பாள். டட்டீஸையும் அவித்து மசிப்பாள். இரண்டையும் ஒரே கோப்பையில் பக்கம் பக்கமாக வைத்து மாடிக்குக் கொண்டுவருவாள். அம்மா அதன்மேல் மிளகாய்த்தூளைத் தூவிச் சோற்றோடு பிசைந்து தருவார். ஆரம்பத்தில் அம்மாவுக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. “என்னத்தைப் போடுறாளோ தெரியாது, கைப்பக்குவம் இருக்கு மனுசிக்கு” என்பார்.

முதல் ஐந்து சிட்டைகளில் நீப்ஸின் விலை ஒரு சிலிங் நாலு பென்ஸ். ஆறாவது சிட்டையில், ஏப்ரல் 11ஆம் திகதி, அது மூன்று சிலிங் ஒன்பது பென்ஸ் ஆனது. அதே நாலு இறாத்தல். அதன்பிறகு இறங்கவே இல்லை. அப்பாவிடம் காட்டினேன். குளிர் காலம் வருகிறது, விலை ஏறும் என்றார். குளிர் காலத்தில்தான் கிழங்கு மலியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அப்பாவுக்கு அது தெரியாமலிருக்காது. அதனால் அவரையும் கொஞ்சம் சந்தேகித்தேன். அதே நாட்களில் அம்மாவும், முந்தின ருசி இப்போது இல்லையே என்று சொல்லத் தொடங்கினார். விலை ஏறியிருக்கிறது, ருசி இறங்கியிருக்கிறது. களவுக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை காலையில், ஒருவருக்கும் சொல்லாமல், மூலையிலிருந்த இத்தாலியரின் மரக்கறிக் கடைக்குப் போனேன். விலைப் பலகையில் நீப்ஸ் என்று ஒன்றும் இல்லை. கிழங்கைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

“இதுவா? இது சுவீடு. இறாத்தல் நாலு பென்ஸ்” என்றார் கடைக்காரர். “நீப்ஸ் என்று கேட்கிற ஒரேயொரு ஆள் உங்கள் வீட்டுக்காரிதான். வாய்க்கு வாய் பெயர் மாறினாலும் என் தராசில் நிறை மாறாது, தம்பி.”

“அவவுக்கும் நாலு பென்ஸ்தானா?”

“ராணி வந்தாலும் நாலு பென்ஸ்தான்.”

நாலு இறாத்தல், பதினாறு பென்ஸ். அதாவது ஒரு சிலிங் நாலு பென்ஸ். மிச்சம் இரண்டு சிலிங் ஐந்து பென்ஸ். அன்று வரப்போகும் சிட்டையோடு பத்துக் கிழமை. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண். மொத்தம் ஒரு பவுண், நாலு சிலிங், இரண்டு பென்ஸ். மழையில் நின்றபடியே மனத்தால் பெருக்கி முடித்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்காரம்மா கோப்பையும் சிட்டையுமாக மாடிக்கு வந்தாள். மூன்று சிலிங் ஒன்பது பென்ஸ் என்பதைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பேணியை மேசைமேல் கவிழ்த்து, சிட்டைகளைத் திகதிப்படி அடுக்கினேன். கணக்கை முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன், அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னேன்.

“விடு தம்பி, அதை எடுத்து வை” என்றார் அப்பா.

“ஏன் விடவேணும்? பெடியன் கடையில போய்க் கேட்டெல்லோ வந்து நிக்கிறான்” என்றார் அம்மா. அம்மா குரலை உயர்த்தி அந்த வீட்டில் கேட்டதில்லை. “நாலு பென்ஸ் சாமானை அந்நியச் சனத்துக்குக் காசேத்தி விக்கிறது. வயசுபோன மனுசி செய்யிற வேலையே இது? கேளுங்கோவன் அவவை.”

அப்பா கேட்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அடுக்கிய சிட்டைகள் விளங்கின. அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேசையைப் பார்த்தார். பிறகு அவள் கீழே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் பணப்பை. ஒரு பவுண் தாளை வைத்தாள். அதன்மேல் இரண்டு சிலிங் குற்றிகள் இரண்டு. கடைசியாக இரண்டு செப்புப் பென்ஸ். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. திருட்டை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோசப் புளுகம்.

அவள் கதவுவரை போய்விட்டாள். அப்போதுதான் அப்பா எழுந்தார். ஆங்கிலத்தில் அவளை நிற்கச் சொன்னார். தமிழில் அம்மாவிடம் பேசினார்.

“அவ களவெடுக்கேல்லை. அது பட்டர்க் காசு. கிழமைக்கு அரை இறாத்தல். நான்தான் நீப்ஸோட சேர்த்து எழுதச் சொன்னனான்.”

“பட்டர் எண்டால் பட்டர் எண்டு எழுதுறதுக்கு என்ன?”

“எழுதினால் நீர் கேட்பீர், முந்தி என்ன போட்டவ எண்டு.”

அம்மா கேட்டார். “முந்தி என்ன போட்டவ?”

ஏப்ரலில் ஒருநாள் அப்பா குசினிக்குள் போயிருக்கிறார். நீப்ஸை மசித்துக்கொண்டிருந்தவள் அடுப்போரத்து மண்சட்டியிலிருந்து இரண்டு கரண்டி வெள்ளைக் கொழுப்பை அள்ளிப் போட்டதைக் கண்டிருக்கிறார். மாட்டிறைச்சியை வாட்டும்போது சொட்டுகிற கொழுப்பு. அவளுடைய தாயும் அதைத்தான் போட்டாள், அவளுடைய ஊரில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். மச்சம் கூடாது என்றபோது அவள் இறைச்சித் துண்டைத்தான் நினைத்தாள். கொழுப்பும் அதற்குள் அடங்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்பா விளங்கப்படுத்தியதும் கதிரையில் இருந்து அழுதாளாம். அடுத்த நாளே எங்களுக்கென்று புதுச்சட்டி வாங்கினாள். அதற்குக் காசு கேட்கவில்லை.

“எத்தினை நாள்?” என்றார் அம்மா.

“முதல் அஞ்சு கிழமை.”

அம்மா தன் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார். அழவில்லை. எழுந்து போய்ப் பச்சைத்தண்ணீரில் தலைமுழுகினார், அந்தக் குளிரில். அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பில் சூடாக்கிய தண்ணீரைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. மூன்று கிழமை பாணும் வாழைப்பழமும்தான். வீட்டுக்காரம்மா ஒவ்வொரு நாளும் படியில் பாதிவரை ஏறி வந்து நின்றுவிட்டு இறங்கிப் போவாள்.

இந்தக் கதையில் எனக்கு இன்னும் தீராத சந்தேகங்கள் உண்டு. அரை இறாத்தலும் எங்கள் சட்டிக்குள்தான் போனதா என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அப்பா உண்மையிலேயே ஐந்தாம் கிழமையில்தான் கண்டாரா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் பத்து வயதில் என்னைக் குடைந்த கேள்வி வேறு. அன்று பின்னேரம் அப்பா யன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போய், என் கணக்குச் சரிதானே என்று கேட்டேன்.

“ஓம், சரி” என்றார். “ஒரு பென்ஸ்கூடப் பிழையில்லை.”

என் தலையில் ஒருமுறை கை வைத்தார். கணக்குச் சரி என்றால் ஏன் எனக்குப் பாராட்டு இல்லை, ஏன் ஒருவரும் சாப்பிடவில்லை, கூட்டத் தெரிந்த அப்பா பத்துக் கிழமையாகப் பொய்யான ஓர் எண்ணை ஏன் பேசாமல் கட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

ஜூலை 4ஆம் திகதி, தையல் கடை ஒன்றின் பின்புறத்தில், நாங்களே சமைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அறைக்குப் போனோம். கிழமைக்கு முப்பது சிலிங் கூடுதல். அதன்பிறகு அப்பாவின் பயிற்சி முடிய எண்பத்திரண்டு கிழமை எடுத்தது. அந்தக் கூடுதல் வாடகைக்காக அவர் இரவில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணினார். வீடு மாறிய அன்று எங்கள் சாமான் ஏற்றிய வண்டிக்குப் பதினைந்து சிலிங். அறை மாறிய செலவு எல்லாமாக நூற்றிருபத்து மூன்று பவுண், பதினைந்து சிலிங்.