அம்மாவின் எட்டு வசனங்கள்

பத்து வயதில் நான் எங்கள் வீட்டின் வெளிநாட்டு அமைச்சர். அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டாலும் சரி, “பிள்ளையைக் கூப்பிடு” என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். ஜேர்மன்காரர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், அம்மா அப்பா சொல்வதை ஜேர்மனில் சொல்வேன். நடுவில் நின்றவளுக்கு ஏறியிருந்த கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது.

டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் அவர் நித்திரை கொள்ளும்போது வீட்டில் கரண்டி விழுந்தாலும் குற்றம். அதனால் பின்னேரங்களில் நானும் அம்மாவும் ட்ராம் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த கிளை நூலகத்துக்குப் போய்விடுவோம். நான் குதிரைக் கதைகளுக்குள் புகுந்துகொள்வேன். அம்மா வாசிப்பு மேசைக்குப் போவார்.

வாசிப்பு மேசை என்பது நூலகப் பொறுப்பாளரான ஜேர்மன் பெண்மணி கிழமைக்கு இரண்டு நாள் வெளிநாட்டுப் பெண்களை இருத்தி மொழி சொல்லிக்கொடுத்த மேசை. அம்மாவுக்கு அரசாங்கம் தந்த பாடநேரமெல்லாம் தீர்ந்துபோய், பரீட்சையிலும் ஒருமுறை தவறியிருந்தார். முதியோர் இல்லம் ஒன்று அவருக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தருவதாகச் சொல்லியிருந்தது. மார்கழிக்குள் மொழிப் பரீட்சையில் தேறினால் போதும். விடிய நாலு மணிக்கு எழும்பிக் கந்தோர்களில் நிலம் துடைக்கும் வாழ்க்கையிலிருந்து வெளியே வர அம்மாவுக்கு இருந்த வழி அந்த மேசை ஒன்றுதான். ஊரில் மருத்துவத் தாதியாக வரவேண்டுமென்று படித்தவர் அவர்.

அந்த நூலகத்தை மூட நகரசபை யோசிக்கிறது என்று ஒருநாள் அந்தப் பெண்மணி சொன்னார். தான் நகரசபையின் சம்பளக்காரி, வாய் திறக்க முடியாது, படிக்க வருபவர்கள் யாராவது சபையில் எழுந்து பேசினால் நல்லது என்றார். மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். அம்மா கையை உயர்த்தினார். பாண் கடையில் பாண் கேட்கவே என் சட்டையைப் பிடித்து இழுக்கும் அம்மா! எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

எட்டு வசனங்கள். அம்மாவே எழுதி, அந்தப் பெண்மணி திருத்திக் கொடுத்தார். அப்பாவின் நித்திரை குழம்பாமலிருக்க அம்மா குளியலறைக்குள் நின்று பாடமாக்கினார். அப்பா எழும்பியதும் சொன்னார், “அவங்கள் முடிவெடுத்துப்போட்டுத்தான் கூட்டம் வைக்கிறவங்கள். உன்ரை கதையை ஆர் கேக்கப்போறான்?”

“கேக்காட்டிப் பரவாயில்லை. நான் சொல்லாமல் விட்டனெண்டு இருக்கக்கூடாது,” என்றார் அம்மா.

சபைக்கு அம்மா கோயிலுக்குக் கட்டும் மாம்பழ நிறச் சேலையில் வந்தார். உறுப்பினர்கள் அரைவட்டமாக இருந்தார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் போத்தல். அம்மா நான்கு வசனங்கள் சொன்னார். ஐந்தாவதில் சிக்கிக்கொண்டார். மண்டபமே காத்திருந்தது. ஒருவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். நான் எழுந்து போய் உதவலாமா என்று நினைக்கும்போதே, அம்மா மூச்சை இழுத்து முதலாவது வசனத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். பாடமாக்கியதை நடுவிலிருந்து எடுக்க அவருக்குத் தெரியவில்லை. இம்முறை எட்டும் வந்தன.

உறுப்பினர்கள் விரல்களை மடக்கி மேசையில் தட்டினார்கள். அம்மா பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இஞ்ச கைதட்டுறது இப்பிடித்தான் அம்மா,” என்றேன். தலைவர் ஒலிவாங்கிக்குக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்: சபை இதை ‘ட்சூர் கெண்ட்னிஸ் கெனோமன்’.

அந்தச் சொற்றொடரை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஆனால் அமைச்சருக்குத் தெரியாதது உண்டா? ‘கெனோமன்’ என்றால் எடுத்துக்கொண்டது. ‘கெண்ட்னிஸ்’ என்பது அம்மாவின் விண்ணப்பங்களில் மொழியறிவு என்று வரும் இடத்தில் பார்த்த சொல். அறிந்து எடுத்துக்கொண்டார்கள். மேசையில் வேறு தட்டினார்களே.

“ஏற்றுக்கொண்டிட்டினம் அம்மா,” என்றேன்.

“வடிவாக் கேட்டனியே பிள்ளை?”

“ஓம் அம்மா.”

அம்மா வாசலில் நின்றே அழுதார். அடுத்த நாள் பயத்தம் பணியாரம் சுட்டார். லண்டனில் இருக்கும் சித்திக்கும் கனடா மாமாவுக்கும் தொலைபேசியில் கதை போனது. “எல்லாம் பிள்ளைதான் விளங்கப்படுத்தினவள்” என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னார். அப்பாகூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் கோடை விடுமுறை தொடங்கி, வாசிப்பு மேசையும் நின்றது. அம்மா விடுமுறையில் போனவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். நான் தனியே நூலகத்துக்குப் போனேன். பொறுப்பாளர் ஒரு கட்டுத் தாள்களை என்னிடம் தந்தார். விடுமுறை முடிந்ததும்தான் சபை முடிவெடுக்கும், அதற்குள் மூடவேண்டாமென்று கையெழுத்துகள் வேண்டும், உன் அம்மாவுக்கு எத்தனை தமிழரைத் தெரியும், அவர் கேட்டால் எல்லோரும் போடுவார்கள் என்றார்.

அப்படியென்றால் இன்னும் முடிவெடுக்கவில்லையா? வீட்டுக்கு வந்து பள்ளி அகராதியைப் புரட்டினேன். கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். அந்தச் சொற்றொடரின் பொருள் அதற்குமேல் ஒன்றுமில்லை. ஏற்றுக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பணியாரம் சுட்டாகிவிட்டது, கனடாவரை கதை போய்விட்டது. தாள்களைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஊன்ட்றொப்பில் அம்மன் கோயில் தேர். எங்கள் நகரத்துத் தமிழர் முழுப்பேரும் அங்கேதான். அம்மா கண்டவரையெல்லாம் மறித்து, “எங்கட நூலகத்தை இனி மூடமாட்டினம், நான் போய்க் கதைச்சனான்” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் ஐஸ்கிரீம் குடித்தபடி பக்கத்தில் நின்றேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே தாள்கள் நிரம்பியிருக்கும். பொறுப்பாளர் கேட்டபோதெல்லாம் “ஓம், அம்மா சேர்க்கிறார்” என்றேன். அவருக்கும் ஒரு பொய், அம்மாவுக்கும் ஒரு பொய். பாவி நான், இரண்டையும் பிழையில்லாத மொழியில் சொன்னேன்.

விடுமுறை முடிந்தது. நூலகத்தின் கதவில் மூடும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அம்மா நம்பவில்லை. “ஏற்றுக்கொண்டவை எல்லோ?” என்று கேட்டார். “மனம் மாறியிருப்பினம்” என்றேன்.

கடைசி நாளன்று இரவல் வாங்கிய இலக்கணப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பொறுப்பாளர் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் நிமிர்ந்தார். விளங்கவேண்டுமென்று மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார்: “உங்கள் கையெழுத்துகளுக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். தாள்களை உங்கள் மகளிடம் தந்தேனே, அவள் சொல்லவில்லையா?”

அம்மா என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன்.

பிறகு அம்மா ஜேர்மனில், எந்த இடத்திலும் தடக்காமல் சொன்னார்: “என் மகள் சொன்னாள். நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன்.”

அந்தப் பெண்மணி புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு அடுக்குவதற்குத் திரும்பிவிட்டார். அம்மாவைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டு அந்த ஊரைவிட்டுப் போனாரோ, அதை இனி யாராலும் மாற்ற ஏலாது. அந்தக் கையெழுத்துகள் இருந்திருந்தால் நூலகம் தப்பியிருக்குமா? அப்பா சொன்னதுதான் சரியாக இருக்கலாம். ஆனால் சொல்லாமல் விட்டவளாக அம்மாவை ஆக்கியது நகரசபை அல்ல, நான்.

அன்றைக்கு இதொன்றும் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பெண்மணி கேட்டது சரியாகப் பிடிபடவில்லை, நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டிலும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். தன்னால் பரீட்சைக்கு ஆயத்தமாக முடியாது, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும், இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு நன்றி. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜேர்மனில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் என் மொழியைப் புகழ்ந்தார். அதையும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

“ஓம், வடிவாச் சொன்னாய் பிள்ளை,” என்றார் அம்மா. நான் சந்தோசமாக விளையாடப் போனேன்.