அரசனின் காணியில் எங்கள் வீடு

கனடாவில், மார்க்கம் நகரில் நானும் அப்பாவும் சேர்ந்து வாங்கிய வீட்டின் பத்திரத்தில், எங்கள் பெயர்களுக்கு மேலே 'ஃபீ சிம்பிள்' என்று இருந்தது. இருவரும் கையெழுத்து வைத்தால்தான் வெள்ளிக்கிழமை கதவுத் திறப்பு கைக்கு வரும். நான் மென்பொருள் பொறியியலாளர். விளங்காத சொல்லைத் தாண்டிப் போக வராது. லோயரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரி.

"அது பழைய சொல்லு. அந்தக் காலத்து இங்கிலாந்தில காணி முழுக்க அரசன்ர. சேவைக்குப் பதிலா ஆக்களுக்கு வைச்சிருக்கக் குடுத்த காணிதான் ஃபீ. ஃபீ சிம்பிள் எண்டால் அதில ஆகப் பெரிய உரிமை. சட்டத்தில இங்க இப்பவும் அப்பிடித்தான்."

அப்பா பேனையை மூடினார்.

"அப்ப காணி எங்கட இல்லை."

ஊரில் அவருடைய காணி போர்க்காலத்தில் இராணுவத்தின் முள்வேலிக்குள் போனது, திரும்பி வரவில்லை. அதன் உறுதிப் பத்திரம் நாங்கள் இப்போது இருக்கும் ஸ்காபரோ அப்பார்ட்மென்ட் அலுமாரியில் இன்னும் இருக்கிறது. காப்புறுதி, மின்சாரம், சாமான் ஏற்றும் ட்ரக் என்று நான் எழுதி வைத்திருந்த எதிலும் அப்பாவின் இந்தப் பயம் இல்லை.

லோயர் அவசரப்படவில்லை. "அங்கிள், விக்கலாம், இடிச்சுக் கட்டலாம். ரோட்டுக்கு வேணுமெண்டால் அரசாங்கம் எடுக்கலாம், ஆனால் காசு தந்துதான் எடுக்கும்."

"முதுசமாக்கலாமோ?"

எங்கள் வழக்கில் ஒருவர் உழைத்து வாங்குவது தேடிய தேட்டம். அது பிள்ளைகளுக்குப் போனால் முதுசம். அப்பாவுக்கு அப்படிப் போகாத காணி காணியே இல்லை.

"ஓம் அங்கிள். பிள்ளைக்கு, பிள்ளையின்ர பிள்ளைக்கு. உயிலும் இல்லாமல், உரித்துள்ள சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாமல் போனால்தான் அரசுக்குத் திரும்பும்."

அப்பா சிரித்துவிட்டார்.

"சொந்தக்காரர் இல்லாமல் போறதோ? கலியாணத்துக்குப் பிடிக்கிற ஹோலே எங்கட ஆக்களுக்குக் காணாது! அரசன் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

பேனையை என்னிடம் நீட்டினார். "நீ முதல் வை."

வைத்தேன். எனக்குக் கீழே அவர் தமிழில், நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

அன்று நேரம் பார்க்காமல் விளக்கிய லோயருக்கு வாசலிலேயே நன்றி சொன்னேன். ஒரு காணியைப் பறிகொடுத்தவர் எனக்காக இன்னொரு காணியை நம்பியதற்கு அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையோ?" என்பார்.