இன்னும் இரண்டு வருஷம்

சனிக்கிழமை சாயந்திரம் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து, கம்பெனி காரிலேயே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். டிரைவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, எதனா மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?"

"இல்லப்பா, வேலைக்குத்தான் வர்றேன். வண்டிய எடு," என்றேன். பஸ்ஸில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். அந்த மாதம் ஐம்பத்தெட்டு வயது முடிந்த மூன்று பேருக்குச் சேர்த்து விழா வைத்திருந்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. இன்னும் இரண்டு வருஷம் வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டிருந்ததற்குப் பதில் விழாவுக்கு முந்தின நாள்தான் வந்தது. "மேடை எல்லாம் போட்டாச்சும்மா. மாலைய இப்பவே வாங்கிக்குங்க. உங்களுக்குன்னு தனியா இன்னொரு தடவ பண்ண முடியாது," என்றார் மேனேஜர். சரியென்று வாங்கிக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் சூப்பர்வைசர். எங்கள் வீடு குடியாத்தத்தில். வீட்டுக்காரர் அங்கே இன்னொருவரின் விசைத்தறி ஷெட்டில் லுங்கி நெய்துகொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்து, நிற்க முடியாமல் போய், எனக்கு முன்னாலேயே வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு பி.எஃப்., பென்ஷன் என்று எதுவும் கிடையாது. வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியவர், ரகசியம் சொன்னால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ரிட்டயர்டு ஆகச் சில மாதங்கள் இருக்கும்போது இரண்டு பேரும் வேலூர் பி.எஃப். ஆபீசுக்குப் போனோம். எனக்கு எவ்வளவு பென்ஷன் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உங்களுக்கு சர்வீஸ் கம்மிம்மா. முன்ன இருந்த கம்பெனி மூடினப்ப மொத்தத்தையும் எடுத்துட்டீங்க இல்ல, அந்த வருஷமெல்லாம் கணக்குல வராது."

எடுத்தது உண்மைதான். வீட்டுக்கு அந்தப் பணத்தில்தான் தளம் போட்டோம். அப்போது அதை எடுக்காமல் இருக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

"இப்ப வாங்க ஆரம்பிச்சா கம்மியாத்தான் வரும். வேலைல இருந்துக்கிட்டே அறுபது வரைக்கும் தள்ளிப் போட்டீங்கன்னா ஜாஸ்தி வரும். கம்பெனில வச்சுக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க," என்றார்.

வெளியே வந்து, இவருக்கு ஒரு பனியன் வாங்கலாம் என்று லாங் பஜாருக்கு நடந்தோம். கூட்டத்தில் கைவண்டிக்கு ஒதுங்கி நின்றபோது யாரோ என் தோளைத் தொட்டார்கள். எங்கள் லைனில் வேலை செய்து எனக்கு முன்னால் ரிட்டயர்டு ஆன அக்கா. மகனோடு சென்னையில் இருக்கிறார். உறவில் ஒரு கல்யாணத்துக்காக வந்தவர், ஒரு கடை வாசலில் தொங்கிய புடவைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எடுங்கக்கா, நல்லாருக்கு," என்றேன்.

"சும்மா பாத்தேன்டி. பசங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க. கேட்டா குடுப்பாங்க. கேக்கறது கஷ்டமில்ல. எதுக்குன்னு சொல்லணும் பாரு, அதான் பேஜாரு," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குறை சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. பல் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில், குடியாத்தம் நெருங்கும்போது, "நான் இன்னும் ரெண்டு வருஷம் வேலைக்குப் போறேங்க," என்றேன்.

"இன்னா சொல்ற நீ? ரெண்டு பேரும் வந்துடறோம்னு பையங்கிட்ட சொல்லிட்டனே!" என்றார் இவர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மகன் சென்னையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை. அப்போது பேரனுக்குச் சில மாதங்கள்தான். அவளுடைய பிரசவ லீவு முடியும் நேரமும் நான் ரிட்டயர்டு ஆகும் நேரமும் சரியாகப் பொருந்தி வந்தன. நான் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், நான் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை நானே போன் செய்து சொன்னேன்.

"ம்மா, நீ வருவேன்னுதான நாங்க பெரிய வீடா பாத்து வந்தோம்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வர்றேம்பா."

"அப்ப வந்து இன்னாத்துக்கு? அவன் ஸ்கூலுக்குப் போற வயசு வந்துடும். பணம்தான உனக்குப் பிரச்சன? மாசா மாசம் நான் போடறேன். எவ்ளோ வேணும், சொல்லு."

"நீ போடுவ, எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்குன்னு ஒண்ணு வந்துக்கிட்டிருக்கட்டும்பா."

"சரிம்மா," என்று சொல்லி வைத்துவிட்டான். கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் அப்பாவுக்குத்தான் போன் செய்தான். இவர் சத்தமாகப் பேசுவதால் எனக்கு எல்லா விஷயமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. மருமகள் சம்பளமில்லாத லீவு எடுத்திருக்கிறாள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனேன்.

கம்பெனியில் மேனேஜர் ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டிருந்தார். "சூப்பர்வைசர் வேலைக்கு அடுத்த ஆள் ரெடியா இருக்காம்மா. அவளை இன்னும் ரெண்டு வருஷம் நிறுத்தி வைக்க முடியாது. நீங்க டேபிள்ல உக்காருங்க. அலவன்ஸ் போயிடும், சம்பளம் அப்படியே இருக்கும், பி.எஃப். பிடிப்போம்." டேபிள் என்றால் தைத்து வருவதில் நூல் வெட்டி, மடிப்பு ஒட்டி, அடுத்த ஆளுக்குத் தள்ளும் வேலை. நான் அந்தக் கம்பெனியில் முதன்முதலில் உட்கார்ந்த இடம்.

புதிய சூப்பர்வைசர் நான் வேலை சொல்லிக் கொடுத்த பெண். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அந்தத் திங்கட்கிழமை காலை என் டேபிளுக்கு வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

"இன்னிக்கு எந்த ஆர்டர் மேடம்?" என்று நானே கேட்டேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, ப்ளீஸ், நீங்க அப்பிடிக் கூப்டாதீங்க."

"லைன்ல மேடம்தான். பஸ்ல ஏறிட்டா பேர் சொல்லிக் கூப்டறேன்," என்றேன். கடைசிவரை அப்படியே நடந்தது.

மரியாதை விஷயம் அதோடு முடிந்தது. வேலைதான் முடியவில்லை. இரண்டாவது வாரமே என் டேபிளில் மேல்பாகங்கள் குவிய ஆரம்பித்தன. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். சூப்பர்வைசர் பெண் இரண்டு முறை பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். மூன்றாம் முறை வந்து நின்றாள்.

"அக்கா, உங்ககிட்டதான் தேங்குது. இப்பிடியே போனா நான் உங்கள மாத்த வேண்டியிருக்கும்."

எத்தனையோ பேரிடம் நான் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன். இதைவிடக் கடுமையாகவும் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினேன். டீ நேரத்தில் பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு இதெல்லாம், மாலை போட்டு அனுப்பியதோடு போயிருக்கலாமே என்று தோன்றியது. அன்றைக்கு மகன் கூப்பிட்டிருந்தால் சென்னைக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

காரணம் கையில் இல்லை, கண்ணில் இருந்தது. சூப்பர்வைசராக இருந்தவரை லைனின் அந்தக் கோடியில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். என் கண்ணாடி அதற்குத்தான் சரி. கறுப்புத் தோலில் கறுப்பு நூலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க அது உதவவில்லை. ஒரு நாள் லீவு போட்டு வேலூரில் கண்ணைக் காட்டிப் புதுக் கண்ணாடி வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது நூல் முனை தெளிவாகத் தெரிந்தது. பழைய வேகம் வரவில்லை. ஆனால் தேக்கம் நின்றது. அந்தப் பெண்ணும் என்னை ஜன்னல் பக்கத்து டேபிளுக்கு மாற்றினாள். சலுகையா என்று கேட்டேன். "வெளிச்சத்துக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அந்த இரண்டு வருஷத்தில் வீட்டிலும் ஒன்று மாறியது. நான் விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர், ஒரு நாள் எழுந்து வந்து, "குழம்புக்குப் புளி எவ்ளோ கரைக்கணும்?" என்று கேட்டார். முழங்கால் வலிக்காக அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக்கொண்டார். முதலில் உப்பு ஒரு நாள் ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி. "வெளிய யாருக்கும் சொல்லாத," என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மூன்று மாதத்தில் அவர் வைத்த கத்திரிக்காய்க் குழம்புக்கு மத்தியானச் சாப்பாட்டில் எங்கள் லைன் பெண்களின் கை நீண்டது. யார் சமையல் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை அன்று ராத்திரி இவரிடமும் சொன்னேன். மறுநாள் டப்பாவில் குழம்பு கூடுதலாக இருந்தது.

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்தான். மருமகள் அதற்குள் குழந்தையை ஒரு காப்பகத்தில் விட்டு மறுபடியும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மத்தியானம் ஆண்கள் தூங்கும்போது நாங்கள் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு அத்தை."

"தெரியும்மா."

"இப்ப இல்லன்னு சொல்ல மாட்டேன். கம்மியா இருக்கு. நான் திரும்பிப் போறதுக்குள்ள எனக்குக் கீழ இருந்தவங்க மேல போய்ட்டாங்க. அதான்."

நான் இழக்காமல் இருப்பதற்காக அவள் ஒன்றை இழந்திருக்கிறாள். இதில் யார் கணக்கு சரி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. "உனக்கு பி.எஃப். பிடிக்கிறாங்களா?" என்று கேட்டேன். "பிடிக்கிறாங்க," என்றாள். "இன்னா ஆனாலும் அத எடுக்காத," என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிங்கத்தை," என்றாள். மொச்சை முழுவதையும் உரித்து முடித்தோம்.

அறுபது முடிந்ததும் வேலையை விட்டேன். பென்ஷன் வருகிறது. பெரிய தொகை இல்லை. இரண்டு பேர் சாப்பிட்டு, இவருக்கு மருந்து வாங்கி, எங்காவது போக வேண்டுமென்றால் யாரையும் கேட்காமல் கிளம்பும் அளவுக்கு இருக்கிறது. இவர் முழங்காலுக்கு மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். போய்வரும் செலவு அதில்தான்.

போன மாதம் காட்பாடியில் ரயில் ஏறி இரண்டு பேரும் மகன் வீட்டுக்குப் போனோம். மகன் ஸ்டேஷனுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டான். "கண்ணாடி மாத்திட்டியாம்மா?" என்று கேட்டான். மாற்றி இரண்டு வருஷமாகிறது, பொங்கலுக்கு வந்தபோதும் இதுதான் என்று நான் சொல்லவில்லை.

பேரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தான். "யாரு வந்திருக்கா பாரு, உன் ஆயா," என்றாள் மருமகள். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். காப்பகத்தில் அவனைப் பார்த்துக்கொள்கிற அம்மாவையும் அவன் ஆயா என்றுதான் கூப்பிடுகிறான்.

"இது வேற ஆயா," என்றான்.

"ஆமாண்டா கண்ணு, நான் வேற ஆயா," என்று சொல்லிக் கையை நீட்டினேன். உடனே வரவில்லை. தாத்தாவின் சத்தத்துக்குப் பயந்து அம்மாவிடம் ஓடினான். நான்காம் நாள் சாயந்திரம் தானாக வந்து என் மடியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தான்.