ஏகாம்பரம் கேட்டு வாங்கிய கோழிப் புத்தகம்

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் ஏகாம்பரத்தைத் தெரியாத மாடு கிடையாது. மனிதர்களில் வேண்டுமானால் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். மாட்டுத் தரகர். விலையை வாய் திறந்து சொல்லவே மாட்டார். துண்டை விரித்துக் கைமேல் போட்டுக்கொள்வார். அடியில் விரலும் விரலும் பேசிக்கொள்ளும். விற்கிறவன் ரெட்டிப்பாகச் சொல்ல வேண்டும், வாங்குகிறவன் பாதியாக வெட்ட வேண்டும். இதைத் தெரியாதவனை அவர் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்பத்திரண்டில் ஊரில் இளைஞர் மன்றம் வைத்தார்கள். தையல், தோட்டம் என்று வருஷத்துக்கு ஒரு திட்டம். அதற்கான புத்தகம், படம் எல்லாவற்றையும் காஞ்சிபுரம் அரசாங்க ஆபீசில் சொல்லி வைத்து வாங்கிவர ஒரு ஆள் வேண்டும். சம்பளம் இல்லை. பையன்கள் ஆபீஸ் படியைப் பார்த்தாலே திக்குவார்கள். ஏகாம்பரத்துக்கு வயது நாற்பத்தைந்து, இளைஞர் என்று சொன்னால் அவர் பெண்டாட்டியே சிரிப்பாள். ஆனாலும் அவர்தான் போனார். போய், சந்தை வழக்கப்படி எல்லாவற்றையும் ரெட்டிப்பாகக் கேட்டார். அங்கிருந்த கிளார்க்கும் பாதியாக வெட்டினார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

இது நடந்த வருஷம் கோழித் திட்டம். பதினைந்து பேர் சேர்ந்தார்கள். கூண்டு கட்டி, புத்தகத்தைப் படித்துவிட்டால் ஆபீசில் வெள்ளைக் கோழிக் குஞ்சுகள் தருவார்கள். எல்லோருக்கும் முன்னால் கூண்டு கட்டியவள் பாஞ்சாலி. பத்தாவது பெயிலாகி வீட்டில் இருந்தவள். அவள் அப்பன் வீராசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள கோழி வரல, கூரத்துல உங்க பெரிம்மா வூட்டுக்குப் போய் புள்ளைங்கள பாத்துக்கினு கெட." பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் ஏழு.

ஏகாம்பரம் வழக்கம்போல முப்பது கேட்டுவிட்டு வந்தார். வாங்கப் போன அன்று பார்த்தால், பழைய கிளார்க்கைக் காணோம். அந்த நாற்காலியில் புதிதாக ஒரு அம்மா. மேஜை மேல் முப்பது புத்தகம், முப்பது படம், கட்டுப் போட்டுத் தயாராக இருந்தது.

"முப்பது கேட்டீங்க, முப்பது வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நான் உங்க ஊருக்கு வருவேன். முப்பது பேரும் புத்தகமும் கையுமா நிக்கணும். கேட்டது பொய்யின்னா மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்குவேன். குஞ்சும் கிடையாது" என்றாள்.

ஏகாம்பரத்துக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாளில் யாரும் அவர் கேட்டதை அப்படியே கொடுத்ததில்லை. பழக்க தோஷம், துண்டை எடுத்துக் கையில் போட்டு மேஜைக்கு மேலே நீட்டிவிட்டார். எதிரில் இருப்பது பொம்பளை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"கையில என்ன, அடி பட்டிருக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஆமாங்கம்மா, மாடு மெதிச்சிடுச்சி" என்று சொல்லிவிட்டு, கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் ஊரில் இறங்கியதும் பாஞ்சாலி கட்டுகளை எண்ணிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது? நாங்க பாஞ்சு பேருதான?"

"பாதி வெட்டுவாங்கன்னு நெனச்சேம்மா. அந்தம்மாவுக்கு யேவாரமே தெரியல."

"உனுக்குத் தெரிஞ்ச லட்சணம், நான் கூரத்துல போய் ஏழு புள்ளைக்கு மூக்கு சிந்தி வுடணும். நல்லா கீது போ!"

"நீ ஏன் பேஜாராவற? ஆளு நான் புடிக்கிறேன்."

பிடித்தார். மாடு பிடிக்கத் தெரிந்தவருக்கு மனுஷனைப் பிடிப்பதா கஷ்டம்? டீக்கடை வரதனிடம், புத்தகத்தில் படம் எல்லாம் கலர் என்றார். கோவிந்தம்மாளிடம், குஞ்சு சும்மா வருகிறது என்றார். எழுபது வயது சடையப்பனிடம் மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தானாகவே கையை நீட்டி ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியாக ஒரு புத்தகம் மிஞ்சியது. அதைத் தானே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தாள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் முப்பது இளைஞர்கள். பாதிப் பேருக்குப் பல் இல்லை.

"தாத்தா, உங்க வயசு என்ன?"

"மன்றத்துல சேந்து மூணு நாளு ஆவுதும்மா" என்றார் சடையப்பன்.

அந்த அம்மா திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அவர் மரத்தின் உச்சியைப் பார்த்தார். பாஞ்சாலிக்குத் தாங்கவில்லை. முன்னால் வந்துவிட்டாள்.

"அவரு மாட்டு யேவாரிங்க. நீங்க பாதி வெட்டுவீங்கன்னு ரெட்டிப்பா கேட்டுட்டாரு. நாங்க பாஞ்சு பேருதான் நெசம். எங்க கூண்ட வந்து பாருங்க. பாத்துட்டு அப்பால எடுத்துக்கினு போங்க."

வீராசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், மகளைக் கூரத்துக்கு பஸ் ஏற்றிவிட அப்போதே புறப்படுகிறவர்போல.

"சரி, கூண்டைக் காட்டு" என்றாள் அந்த அம்மா.

தெருத்தெருவாக நடந்தார்கள். பதினைந்து கூண்டும் இருந்தன. பாஞ்சாலியின் கூண்டுக்குள் அந்த அம்மா தலையை விட்டுப் பார்த்து, "காத்து எப்படி வரும்? நோய் வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டாள். பாஞ்சாலி புத்தகத்தைத் திறக்காமலே பதில் சொன்னாள். வீராசாமிக்கு அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவனிடம், "எம்பொண்ணு" என்றார்.

திரும்பும்போது சடையப்பன் வீட்டுப் பக்கம் பெரிய கூச்சல். அவர் பெண்டாட்டி சொக்கம்மாள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா ஆபீசரு? நீயா? இந்த ஆளு என் கட்டில ஒடச்சி கோழிக்கு வூடு கட்டிக்கினு கீறாரு! நான் எங்க படுக்கறது?"

பின்பக்கம் போய்ப் பார்த்தால், கட்டில் கால் நான்கும் கூண்டுக் கால்களாக நின்றன. கயிறுகூட வீணாகவில்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"கூண்டு இருக்கிறவங்க புத்தகத்தை வச்சிக்குங்க. அவங்களுக்குக் குஞ்சு வரும். தாத்தாவுக்கும்தான். மத்தவங்க குடுத்துடுங்க."

வரதன் கலர் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தான். கோவிந்தம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். ஏகாம்பரம் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சுப் போடும் நேரத்தில் அந்த அம்மா கேட்டாள்:

"உங்க கூண்டு எங்கே?"

"எனுக்கு எங்கம்மா நேரம்? ஊரு வேலைக்கே..."

"அப்ப உங்க புத்தகம்?"

அவர் இடுப்பிலிருந்து அதை உருவி மேலே வைத்தார். பாஞ்சாலி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, அடுத்த வாட்டி நானும் ஆபீசுக்கு வரேன். எத்தினின்னு நான் சொல்றேன். நீ தூக்கிக்கினு வா, போதும்."

"எத்தினி சொல்வே?"

"எத்தினி பேரோ அத்தினி."

"அப்டியே சொல்லிடுவியா? வெக்கமா இருக்காது?" என்று கேட்டுக்கொண்டே, ஏகாம்பரம் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.